அண்ணியின் வண்டிக்குள் கேட்ட சத்தம்

1

இது கதையாக ஆரம்பித்ததல்ல. வாகனங்களுக்கென்றே வரும் மாத இதழ் ஒன்று, புதிதாகச் சொகுசு செடான் கார் வாங்கிய ஒருவரின் முதல் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னது. என்னிடம் இருப்பது சைக்கிள். அதிலும் மணி வேலை செய்யாது. ஆனால் பல் டாக்டரான என் அண்ணி அப்போதுதான் ஒரு செடான் வாங்கியிருந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "கதவை லேசாகத் தள்ளினால் போதும், மீதியை அதுவே இழுத்து மூடிக்கொள்கிறது, இருக்கையோ முதுகைப் பதமாகப் பிடித்துவிட்டு..."

இது விளம்பரம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: அண்ணிக்குப் பயமாக இருந்தது.

இதுதான் நிஜம். இங்கிருந்தே போகலாம்.

2

முதல் பயம் கீறல். நோயாளி வாயைப் பிளந்தபடி நாற்காலியில் கிடப்பார். அண்ணி கருவியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய், வாசலில் நிற்கும் வண்டியை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். (இதை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை.)

இரண்டாவது பயம் அமைதி. பழைய வண்டியில் புருஷனும் பெண்டாட்டியும் கத்தித்தான் பேச வேண்டும். இதில் ஏறினால் ஊரே வாயை மூடிக்கொண்டது போலிருந்தது. ஒரு மாலை அண்ணனோடு வீடு திரும்பும்போது, சிக்னலில் நின்ற இடத்தில் அண்ணி அதைக் கேட்டார். மெல்லிய விசில் போல ஒன்று இழுத்து, நின்றது.

"ஏங்க, கேட்டுச்சா?"

"என்னது?"

"எங்கேயோ காத்து கசியற மாதிரி."

"புது வண்டிம்மா. உன்னை மாதிரிதான். பழகுற வரைக்கும் புஸ்ஸு புஸ்ஸுன்னுதான் இருக்கும்."

அண்ணன் கணக்கு வாத்தியார். எதற்கும் ஒரு ஜோக் கைவசம் வைத்திருப்பவர். (ஜோக்கடிக்கிற கணவன் என்று மட்டும் வைத்தால் பாத்திரம் நிற்காது, தெரியும். பள்ளியில் மாடி வகுப்பை விட்டுவிட்டு அவர் கீழ்த்தள வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டது ஏன் என்று... வேண்டாம். இந்த இடத்தில் அது அண்ணிக்கே தெரியாது.)

அதன் பிறகு அண்ணிக்கு நிம்மதி போயிற்று. பாட்டுப் போட மாட்டார். ஏசியை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுவார். சில நாள் கேட்கும். சில நாள் கேட்காது.

3

சர்வீஸ் சென்டரில் ஒரு மேலாளர், கசங்காத சட்டை, கசங்காத சிரிப்பு. அண்ணியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தார். சத்தமில்லை. கதவு ரப்பரை அழுத்திப் பார்த்தார், டயரைப் பார்த்தார், ஏசியைக் கழற்றி மாட்டச் சொன்னார்.

"மேடம், வண்டில ஒரு குறையும் இல்ல."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"ஐயையோ, அப்படிச் சொல்லல மேடம். சத்தம் வந்தப்போ எப்படிப் போனீங்களோ அப்படியே ஒரு தடவை போவோம். அதே ரோடு, அதே வேகம். கூட யாராவது இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க. வெயிட் மாறினாக்கூட சத்தம் மாறும்."

கூட யாராவது. சாவிக்காக நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. தனியாகப் போன எந்த நாளிலும் அந்தச் சத்தம் கேட்டதில்லை. அண்ணி சாவியை வாங்கிக்கொண்டு நேராக அண்ணனின் பள்ளிக்கு வண்டியை விட்டார்.

4

அண்ணன் கேட்டிலிருந்து நடந்து வந்து ஏறினார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அண்ணி வண்டியைக் கிளப்பவில்லை.

"என்னம்மா, இங்கேயே குடித்தனமா?"

"பேசாதீங்க. மூச்சு விடுங்க."

"அதை நான் பொறந்ததிலிருந்து..."

ஜோக் பாதியில் நின்றது. அந்த இடைவெளியில் வந்தது, அதே விசில். வண்டி அணைந்திருந்தது. அண்ணி சாய்ந்து அவர் நெஞ்சில் காதை வைத்தார். வெளியே பிள்ளைகள் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். அண்ணி காதை எடுக்கவில்லை.

"எத்தனை நாளா?"

"மாடி ஏறினா மட்டும்தான் இருந்துச்சு. இப்போ கொஞ்சம் நடந்தாலும்..."

"ஏன் சொல்லல?"

"ஆசைப்பட்டு வண்டி வாங்கியிருக்க. அந்தச் சந்தோஷத்துல மண்ணள்ளிப் போடணுமா?"

"ஊர்ல உள்ளவங்க வாயெல்லாம் பாக்கறேன். பக்கத்துலயே இருக்கிற உங்களை நான்..."

அந்த வாக்கியத்தை அண்ணி முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கப் போவதில்லை.

5

ஸ்கேன் எடுத்தாயிற்று. ரிசல்ட் நாளைக்கு.

ஒரு முடிவு எழுதினேன்: வெறும் வீசிங். மருந்து உறிஞ்சுகிற சின்னக் குழாய் ஒன்றை டாக்டர் கொடுக்கிறார். அண்ணன் அதை வைத்துப் புதிதாக ஒரு ஜோக் கண்டுபிடிக்கிறார். படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இன்னொன்று: "படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், அண்ணியை மட்டும் உள்ளே..."

இது கதாபாத்திரம் இல்லை. என் கூடப் பிறந்தவர். கிழித்துப் போட்டேன்.

இதழிலிருந்து கூப்பிட்டு, மைலேஜ் விவரம் எங்கே என்று கேட்டார்கள். அண்ணிக்குப் போன் போட்டேன்.

"வண்டி நல்லா ஓடுதுன்னு எழுதிடுங்க தம்பி. நாளைக்கு அதுலதான் போகணும்," என்றார்.

அதற்குள் அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"டேய், அதுல என்னை என்ன பண்ணி வச்சிருக்க?"

"இன்னும் ஒண்ணும் பண்ணலண்ணா."

"பாத்துப் பண்ணுடா."

சிரித்தார். சிரிப்பு நடுவில் அறுந்தது. இப்போது எனக்கும் அது கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன்.

"இருக்கியாடா?"

"இருக்கேண்ணா."

முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். எழுதுவதானால் அவசரப்படாதீர்கள். அண்ணன் இன்னும் ஏதோ சொல்ல வருகிறார், மூச்சு வாங்கிக்கொள்கிறார்.