நாற்பதாவது நிமிடத்துக்குப் பிறகு

வக்கீல் ஜோஸ்லினுக்கு ஆபீஸ் கிடையாது. உக்கடம் குளத்தைப் பார்த்த ஓர் அடுக்குமாடியின் நாலாவது தளத்தில், சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, வீடியோவில்தான் அவர் வக்கீல் தொழில் பார்க்கிறார். கருப்புக் கோட்டு இடுப்பு வரைக்கும் உண்டு. அதற்குக் கீழே என்ன என்பது எந்தக் கட்சிக்காரருக்கும் தெரியாது, அது வழக்குக்குத் தேவையும் இல்லை. முதுகுக்குப் பின்னால் சட்டப் புத்தக அலமாரி ஒன்று கம்பீரமாகத் தெரியும். அது படம். ஒருமுறை அவர் தும்மியபோது தலை மட்டும் அலமாரிக்குள் போய்விட்டு வந்தது.

நான் அவருடைய குமாஸ்தா. நாற்பத்தாறு வருஷம் கோர்ட்டு வராந்தாவில் நின்று நின்று ஒன்றரை அங்குலம் தேய்ந்த பிறகு, இப்போது சிங்காநல்லூரில் என் வீட்டிலேயே உட்கார்ந்து குமாஸ்தாவாக இருக்கிறேன். வருகிறவர்களைத் திரைக்கு வெளியே காக்க வைத்து, முறைப்படி உள்ளே விடுவது என் வேலை. உள்ளே விட்ட பிறகு வாயைத் திறக்கக் கூடாது. என் படமும் தெரியாது.

உள்ளே விடுமுன் ஒரு சோதனை உண்டு. கட்சிக்காரர் போனைக் கையில் பிடித்து, தன்னைச் சுற்றி ஒரு முழு வட்டம் காட்ட வேண்டும். பக்கத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது. வக்கீலிடம் சொல்வதை வக்கீல்தான் கேட்க வேண்டும் என்பது ஜோஸ்லினின் கண்டிப்பு. இந்த விதி வந்ததற்கு ஒரு மாமியார் காரணம். மருமகளின் விவாகரத்து ஆலோசனை முழுவதையும் கட்டிலுக்கடியில் படுத்துக் கேட்டவர், வக்கீல் ஒரு செக்ஷனைத் தவறாகச் சொன்னதும் பொறுக்க முடியாமல் கீழேயிருந்து திருத்தினார்.

சாந்தாமணிக்குக் காரமடை தாண்டி ஊர். நாற்பத்து நாலு வயது, கணவர் இறந்து அப்பன் வீட்டுக்கே திரும்பியவர். நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். வாரிசு இரண்டே பேர்: சாந்தாமணி, அவருடைய அண்ணன் பொங்கியண்ணன். பாதி கேட்டு வழக்குப் போட்டிருந்தார் சாந்தாமணி. நகை போட்டு அனுப்பியாச்சு, அதோடு சரி என்பது அண்ணன் கட்சி.

பொங்கியண்ணனுக்கு ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கம் பெண் கிடைப்பது அப்படி. நூற்றுப் பதினேழு பெண் பார்த்தார் என்றும், கடைசியாகப் பார்த்த பெண் முதலில் பார்த்த பெண்ணின் மகள் என்றும் சொல்வார்கள். தோட்டமாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒருநாள் காலையில் அரிவாளோடு வந்து தங்கச்சி வீட்டுக் கதவை இரண்டாகப் பிளந்தார். பிளக்கும்போதும் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க அம்மணி, சிராய் தெறிக்கும்" என்றாராம். கொங்குநாட்டு மரியாதை.

கதவைப் பார்த்த நீதிபதி, வழக்கு முடியும்வரை பொங்கியண்ணன் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது, வைத்தால் சிறை, பங்கும் ஜப்திக்குப் போகும் என்று உத்தரவு போட்டார். பொங்கியண்ணன் பணிவாகப் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். கொடுமுடியில் அத்தை வீட்டில் இருக்கிறாராம், காவேரியில் குளிப்பதும் சாமி கும்பிடுவதும் தவிர வேறு சோலி இல்லையாம். வீடியோ விசாரணையில் வலது கையைத் தூக்கி அதைச் சத்தியமாகவும் சொன்னார். விரலில் பச்சைக்கல் மோதிரம், புளியங்கொட்டை அளவு.

சாந்தாமணியின் தோட்டத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். கிணற்று மேடு. கிணறு நூற்றிருபது அடி, தண்ணீர் வற்றிப் பத்து வருஷம். கல்லைப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தும் சத்தத்தைக் கேட்கலாம். அந்தக் கைப்பிடிச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் புதன்கிழமை தோறும் மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் வக்கீலோடு பேசுவார். போனைச் சுற்றிக் காட்டுவார். தென்னை, தென்னை, மாட்டுக் கொட்டகை, தென்னை. ஆளில்லை. உள்ளே விடுவேன்.

ஆனால் பேசியதெல்லாம் கசிந்தது. பால் சொசைட்டி செயலாளரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று புதன்கிழமை பேசினால், வெள்ளிக்கிழமை செயலாளர் காசிக்கு ரயிலேறியிருப்பார். அப்பா எழுதிய பழைய கடிதம் ஒன்று இருக்கிறது என்று சாந்தாமணி சொன்னார். நாங்கள் அதைத் தாக்கல் செய்வதற்கு முன்பே, அது போலி என்று எதிர்மனு வந்துவிட்டது.

ஜோஸ்லின் என்னைத் தனியாகத் திரைக்கு அழைத்தார்.

"சீனு அங்கிள், இந்த மீட்டிங்ல மூணே பேரு. நான் சொல்லல. சாந்தாமணி அக்கா அவங்க கேஸை அவங்களே கெடுத்துக்க மாட்டாங்க."

"மேடம், நான் நாப்பத்தாறு வருஷமா கோர்ட்டுல குப்பை கொட்டினவன்."

"அதான் அங்கிள் பயமா இருக்கு."

இன்னொரு கசிவு வந்தால் நான் வேண்டாம் என்றார். அதோடு, இனி எல்லாக் கூட்டமும் பதிவாகட்டும் என்றும், இலவசச் செயலியை விட்டுவிட்டுச் சந்தா கட்டி வாங்கும்படியும் சொன்னார். இலவசத்தில் சரியாக நாற்பதாவது நிமிடத்தில் கூட்டம் தானே அறுந்துவிடும். பாதி வாக்கியத்தில் கட்சிக்காரர் வானத்துக்குப் போய்விடுவார். அன்றே மாற்றினேன். இதை வெளியே யாருக்கும் சொல்லவில்லை. நான் எதையுமே வெளியே சொன்னதில்லை.

சித்திரை மாதம், அடுத்த புதன்கிழமை. வெயில் தென்னை மட்டையைப் பொரித்துக்கொண்டிருந்தது. சாந்தாமணி வட்டம் காட்டினார். ஆளில்லை. பேச்சு ஆரம்பித்தது. இரண்டு நாற்பது ஆயிற்று. கூட்டம் அறவில்லை.

"ஏனுங்க வக்கீலம்மா, இன்னேரம் கட்டாயிருக்கோணுமே?"

"இனிமே கட் ஆகாதுக்கா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம். ரெக்கார்டும் ஆகுது."

இரண்டு நாற்பத்து மூன்றுக்கு, சாந்தாமணியின் தோளுக்குப் பின்னால், கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பில் நாலு விரல்கள் முளைத்தன. கொஞ்சம் தள்ளி இன்னும் நாலு. அதில் ஒன்றில் பச்சைக்கல்.

எனக்கு எல்லாம் விளங்கியது. சுவருக்கு உட்புறம் படிக்கல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதில் கால் பெருவிரலை ஊன்றி, கல்லிடுக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே மனிதர் ஒவ்வொரு புதனும் கேட்டிருக்கிறார். அவருக்குக் கணக்கு நாற்பது நிமிடம். நாற்பது முடிந்ததும் தங்கச்சி போனை மடியில் சொருகிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார், இவர் ஏறி வேலியைத் தாண்டுவார். உடம்பையும் அதற்கே பழக்கி வைத்திருந்தார். நாற்பத்தோராவது நிமிடத்துக்கு அவரிடம் கை இல்லை.

கத்தலாம். கத்தினால் குரல் பதிவாகும். கொடுமுடியில் இருக்கிறவர் காரமடைக் கிணற்றில் கத்தினால் சிறை, ஜப்தி, நாலு ஏக்கரும் போச்சு. ஆகவே கத்தவில்லை.

ஜோஸ்லினுக்கு நான் ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். விரல் விசைப்பலகை வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. ஒரு வாரமாக என்னைத் திருடனாகப் பார்த்த கண் அது, தானே பார்த்துக்கொள்ளட்டும் என்றிருந்தது. அவரோ நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குச் சுவரிலிருந்து கொஞ்சம் காரை உதிர்ந்தது. சாந்தாமணி திரும்பினார். விரல்களைப் பார்த்தார். மோதிரத்தைப் பார்த்தார். எட்டிக் கீழேயும் ஒருமுறை பார்த்தார். பிறகு திரைப்பக்கம் திரும்பி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு சந்தேகமுங்க, வக்கீலம்மா."

"கேளுங்கக்கா."

"எங்கண்ணன் ஒரு இக்கட்டுல மாட்டிக்கிட்டாருன்னு வெச்சுக்கோங்க. உசுருக்கு மன்னாடற மாதிரி. அப்பப் 'பாதி உனக்கு'ன்னு சொல்லிப்போட்டா, செல்லுமுங்களா?"

"செல்லாது. சம்மதம்னா சுதந்திரமா குடுக்கணும். பயமுறுத்தியோ, நெருக்கடியில வெச்சோ வாங்கினா கோர்ட்டு தூக்கி வீசிரும்."

"அப்ப அந்த இக்கட்டுலிருந்து காப்பாத்தி உட்டு, அதுக்கப்புறம் கேக்கோணுமுங்க."

"ஆமா. நல்லா உக்காந்து, காபி குடிச்சு, யோசிச்சு அவரே சொல்லணும்."

சாந்தாமணி சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். விரல்கள் ஒரு தடவை இறங்கி மறுபடி ஏறின.

"காபி குடிச்சுட்டுச் சொல்ற ஆளு இல்லீங்க அவரு. எனக்கு ஏழு வயசுல பாதி முறுக்குக் குடுத்துட்டு, அதையும் பொளுதோட திரும்பக் கேட்டவரு. அழுதாலும் மனசு எறங்க மாட்டாரு. அன்னிக்குத் தின்னுபோட்டேன்னு சொன்னதுக்கு, வவுத்துல குத்துனாருங்க."

ஜோஸ்லின் சிரித்தார். சாந்தாமணியும் சிரித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

"சரி, இன்னொண்ணுங்க. மனுசனுக்கு நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா? அவரு பாதி யாருக்குங்க?"

"கல்யாணம் ஆகல, அப்பா அம்மா இல்ல. நீங்க ஒரே தங்கச்சி. உயில் எழுதாம இருந்தா உங்களுக்குத்தான் முழுசா வரும்."

"உயிலு எளுதற ஆளில்லீங்க. எளுதுனா செத்துப் போயிருவோம்னு பயம்."

இதற்குப் பிறகு சாந்தாமணி கேட்ட கேள்விகளை நான் நாற்பத்தாறு வருஷத்தில் கேட்டதில்லை. பட்டா மாற்ற எத்தனை நாள் ஆகும். பக்கத்துத் தோட்டத்துத் தென்னை நம் பக்கம் சாய்ந்தால் காய் யாருக்கு. மயில் தக்காளியைத் தின்றால் யார்மேல் வழக்குப் போடுவது. நின்று நிதானமாகக் கேட்டார். இடையில் செம்பிலிருந்து மோர் குடித்தார். ஜோஸ்லினும் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பொறுமையாகப் பதில் சொன்னார். சந்தா கட்டிய கூட்டம் ஆயிற்றே. ஓர் ஆள் பெருவிரலில் நின்று இரண்டு மணி நேரம் தொங்க முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். நாலு ஏக்கர் உங்களுடையதல்ல, அதனால் சொல்வீர்கள்.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு, கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. மெதுவாகத்தான்.

"அம்மணி... கை குடு கண்ணு."

ஜோஸ்லின் பேனாவை வைத்தார். "யாருக்கா பக்கத்துல?"

"ஒருத்தருமில்லீங்களே."

"ஒரு தடவ சுத்திக் காட்டுங்க."

சாந்தாமணி எழுந்தார். போனை நெஞ்சு உயரத்தில் பிடித்து, சோதனைக்குக் காட்டுகிற மாதிரியே, அவசரமில்லாமல் ஒரு முழு வட்டம் வந்தார். தென்னை, தென்னை, மாட்டுக் கொட்டகை. பாதி வட்டத்தில் எங்கோ ஒரு சத்தம், மூட்டை விழுந்த மாதிரி, ரொம்பத் தூரத்தில். வட்டம் நிற்கவில்லை. தென்னை. கைப்பிடிச் சுவர், அதன்மேல் பளிச்சென்று வெயில்.

"சீனு அங்கிள், உங்களுக்கு யாராவது தெரியறாங்களா?"

மைக்கைத் திறந்தேன். நன்றாகப் பார்த்தேன். சுவரில் விரல்கள் இல்லை.

"யாருமில்லீங்க மேடம்" என்றேன். அந்த நேரத்தில் அது உண்மை.

மறுநாளே பொங்கியண்ணனின் வக்கீல், கட்சிக்காரர் போனை எடுக்கவில்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். கடைசியாக எங்கே இருந்தார் என்று போலீசார் கேட்க, வக்கீல் கோர்ட்டில் கொடுத்த பிரமாணப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. கொடுமுடியில் காவேரிக்குள் ஆட்களை இறக்கித் தேட ஆரம்பித்தார்கள். முதல் நாளே இரண்டு சைக்கிள், ஒரு கோயில் மணி, வேறு யாரோ ஒருவர் கிடைத்தார்கள். அடுத்த நாள் இன்னும் ஆழமான இடத்துக்குப் போனார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை சாந்தாமணி அவசரமாக ஒரு கூட்டம் கேட்டார். அதே கிணற்று மேடு. வட்டம் காட்டினார், உள்ளே விட்டேன். அண்ணன் ஆற்றோடு போய்விட்டதாகச் சொல்கிறார்கள், மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார். கண்ணைக் கசக்கியிருந்தார். ஜோஸ்லின் நாலு ஆறுதல் வார்த்தை சொன்னார்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பத்து வருஷத்துத் தென்னை மட்டை குவிந்து கிடக்கும் கிணற்றின் அடியிலிருந்து ஏதோ ஒலி எழுந்தது. இழுவையாக, உடைந்த உடைந்த ஒலி. கொஞ்சம் நின்றது. மறுபடி வந்தது. 'கண்ணு' என்று அதில் திரும்பத் திரும்ப இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

"என்னக்கா அது?"

"மயிலுங்க. தண்ணியில்லாமக் கத்துது."

"பேசறதே கேக்க மாட்டேங்குது. அங்கிள், அந்தச் சத்தத்தக் கொஞ்சம் எடுத்து விட முடியுமா?"

சந்தா கட்டியதில் அதற்கும் வசதி இருந்தது. பின்னணி இரைச்சலை நீக்கு என்று ஒரு பட்டன். பேசுகிறவர் குரலை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை எல்லாம் அதுவே அடைத்துவிடும். சாந்தாமணி திரையில் என்னைத் தேடுவது போல ஒரு கணம் பார்த்தார். என் படம்தான் தெரியாதே.

அழுத்தினேன்.

அதன் பிறகு, வாரிசுச் சான்றிதழுக்கு எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று அவர் கேட்டது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல, அத்தனை துல்லியமாகக் கேட்டது.