பன்னிரண்டில் ஒன்று

மார்ச் 11, செவ்வாய். இன்றைய தவறு: சாமான் அறையில் மேல் தட்டிலிருந்து ஒரு ஹெல்மெட் கைதவறி விழுந்துவிட்டது. சிமெண்ட் தரை. எடுத்துத் துடைத்து மற்றவற்றோடு வைத்துவிட்டேன். எது என்று குறித்து வைக்கவில்லை.

தினமும் முதல் வரியில் அன்றைய தவறை எழுத வேண்டும் என்பது மாலை வகுப்பு ஆசிரியையின் உத்தரவு. ஆசிரியர் பயிற்சிக்கு வந்த முப்பது பேரில் பாதிப் பேர், வாரக் கடைசியில் உட்கார்ந்து ஏழு நாள் தவறுகளையும் ஒரே மூச்சில் கற்பனை செய்து எழுதினார்கள். மேலே உள்ள வரியை எழுதியவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. தவறுகள் தாமாகவே வந்து சேர்ந்தன. எழுதிவிட்டால் பாரம் இறங்கிவிடும். செவ்வாய்க்கிழமையும் எழுதினாள், நோட்டை மூடினாள், அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள்.

பகலில் அவளுடைய வேலை, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாலையில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. ஒரு பள்ளியில் மூன்று வாரம். மைதானத்தில் பிரேக் பிடிப்பது, திரும்பும் முன் தோளுக்குமேல் பின்னால் பார்ப்பது, கையை நீட்டிக் காட்டுவது. கடைசி நாள் நிஜச் சாலையில் ஒரு சுற்று. அதில் தேறிய பிள்ளைதான் தனியாகச் சைக்கிளில் பள்ளிக்கு வரலாம். இந்தப் பள்ளியில் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

முதல் வகுப்பிலேயே அவள் சொல்லும் ஒரு வசனம் உண்டு. "பலமா அடி வாங்கின ஹெல்மெட் ரிடையர் ஆயிடுச்சுன்னு அர்த்தம். வெளியில பளபளன்னு இருக்கும். உள்ள இருக்கற வெள்ளைப் பஞ்சு ஒரு அடியைத்தான் தாங்கும். அதுக்கப்புறம் அது தொப்பி." பிள்ளைகள் சிரிப்பார்கள். புதன்கிழமை மைதானத்தில் பன்னிரண்டு நீலத் தலைகள் வட்டமிட்டபோது அந்த வசனம் அவள் காதிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. பின்னால் ஒரு திருகு, அவ்வளவுதான். இவற்றில் ஒன்று தொப்பி.

அவ்வளவு உயரத்திலிருந்தா விழுந்தது, ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒரு பக்கம் தேற்றிக்கொண்டாள். தட்டு அவள் தலைக்குமேல் ஒரு சாண் உயரத்தில் இருந்தது என்று இன்னொரு பக்கம் நினைவு வந்தது. அவளுடைய ஆறு மாத வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று மூத்த பயிற்சியாளர் இந்த வாரம்தான் அறிக்கை எழுதுகிறார். அதனால் புதன்கிழமை அவள் வாய் திறக்கவில்லை.

வியாழன் காலை, பள்ளி வாசலில் ஒரு பேருந்து ஓட்டுநர் அவளை நிறுத்தினாள். சீருடையில் இருந்தாள். வகுப்பிலேயே மிக மெதுவாக ஓட்டுவதால் 'நத்தை' என்று பெயர் வாங்கியிருந்த பெண்ணின் அம்மா.

"மிஸ், திங்கக்கிழமைலேர்ந்து எனக்கு முதல் ஷிப்ட். விடியறதுக்குள்ள கிளம்பணும். இவ தானா வந்துருவாள்ல?"

"நாளைக்கு ரோட்ல பாத்துட்டுச் சொல்றேங்க."

"அவ தேறலன்னா நான் யாரையாவது கெஞ்சணும். கெஞ்சிக் கெஞ்சி அந்தத் தெருவுல எனக்கு ஆளே மிச்சமில்ல. அதான் கேக்கறேன்."

மைதானத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். புருவத்துக்குமேல் இரண்டு விரல் இடைவெளி, வார் காதுக்குக் கீழே 'வி' மாதிரி, தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரல். ஒவ்வொரு தலையாக மாட்டிக்கொண்டு வந்தாள். ஆறாவதாக நத்தை.

"மிஸ், நேத்து போட்டதையே எனக்குத் தாங்க."

"எது நேத்து போட்டது?"

"தெரியல. எல்லாம் ஒரே மாதிரி இருக்கே."

அவள் கையில் பிடித்திருந்த ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு வரிசையின் தலைக்குப் போய், மாட்டிய ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"மிஸ்ஸுக்கு இன்னிக்கு மறை கழண்டுருச்சு," என்றான் முதல் பையன், கூந்தலைக் கோதும் பெண்ணைப்போல் முடியைச் சரிசெய்துகொண்டு.

"ஆமா. எல்லாரும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே நடங்க. கையைக் காட்டற பயிற்சி மட்டும். ஒருத்தரும் ஏறக்கூடாது."

மூத்த பயிற்சியாளர் சாமான் அறையில் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். குளிக்கும்போதுகூட விசிலைக் கழுத்திலிருந்து கழற்றமாட்டார் என்று பிள்ளைகள் நம்பியதால் அவருக்கு 'விசில் சார்' என்று பெயர்.

"சார், ஒண்ணு சொல்லணும்."

"லீவா?"

"இல்ல சார். ஹெல்மெட் ஒண்ணு மேல் தட்டுலேர்ந்து விழுந்துருச்சு. செவ்வாய்க்கிழமை."

"எது?"

"தெரியல. குறிக்கல."

அவர் ட்யூபைக் கீழே வைத்தார். "செவ்வாய்க்கிழமை விழுந்தது. இன்னிக்கு வியாழன். நடுவுல புதன்கிழமைன்னு ஒண்ணு வந்துச்சே, அது என்ன, விடுமுறையா?"

அவள் ஹெல்மெட்டுகளை அள்ளிவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் எழுந்து வந்து பன்னிரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே அழுத்தி, விளிம்பை இலேசாக வளைத்துப் பார்த்தார். முடிக்க அரை மணி நேரம் ஆனது. எதிலும் ஒரு கீறல் இல்லை.

"கண்ணுக்குத் தெரியாதுன்னு நாமதான சார் சொல்லித்தரோம்," என்றாள் மெல்ல.

"எனக்கே பாடம் எடு." பெருமூச்சுவிட்டார். "மூட்டையில கட்டு. பன்னெண்டும்."

அந்த வகுப்பில் சொந்த ஹெல்மெட் உள்ள பிள்ளை ஒன்றுகூட இல்லை. அவர் நான்கு பள்ளிகளுக்குப் போன் செய்தார். மூன்றில் கையை விரித்தார்கள். நான்காவது ஊர்க்கோடியில் இருந்தது.

"ஏழுதான் தருவானாம். காலையில நாமளே போய் எடுத்துக்கணும்."

"ரெண்டு குழுவா விடலாம் சார். காலையில ஏழு பேர். அப்புறம் அஞ்சு பேர்."

"பகல்ல அந்த ரோட்ல லாரி. பள்ளி விட்டப்புறம்தான் ரெண்டாவது குழு. நாலு மணி ஆகும். முடிய ஆறு." விசிலை விரலில் சுற்றினார். "நாளைக்கு அஞ்சு மணிக்கு உனக்கு மாலை வகுப்புப் பரீட்சைன்னு ஒரு வாரமா புலம்பினியே."

"ஆமா சார்."

"திரும்ப வைப்பாங்களா?"

"ஆறு மாசம் கழிச்சு."

முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் ஓட்டாமல் பிள்ளைகளைச் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. அது இருவருக்கும் தெரியும். நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரால் சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை.

"ரிப்போர்ட்ல இதை எழுதுவேன். விழுந்தது, ரெண்டு நாள் கழிச்சுச் சொன்னது, ரெண்டையும்."

"எழுதுங்க சார்."

சாயங்காலம் வகுப்புக்குப் போகாமல் பன்னிரண்டு வீடுகளுக்கும் போன் செய்தாள். சிலர் திட்டினார்கள். ஒருவர் நன்றி சொன்னார். அதுதான் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஓட்டுநர் கடைசியாக எடுத்தாள். பின்னணியில் பேருந்து கதவு மூடும் சத்தம்.

"புதன்கிழமை உங்க பொண்ணு போட்டது விழுந்ததா இருக்கலாங்க. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"அவ விழலையே?"

"இல்லங்க."

"விழுந்திருந்தா?"

மறுமுனையில் ஓட்டுநர் மூச்சை விட்டாள். "தலை நல்லாத்தான் இருக்கு. வாய்தான் அடங்கமாட்டேங்குது. நாளைக்கு ஓட்ட விடுவீங்கள்ல?"

"நாலு மணிக்கு. வேற ஹெல்மெட் போட்டுத்தான். ஆனா பின்னால திரும்பிப் பாக்காம வலது பக்கம் திரும்பினா நான் பாஸ் போடமாட்டேன். உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னாலும்."

"போடாதீங்க," என்றாள் ஓட்டுநர். "நானும் அந்த ரோட்லதான் பஸ் ஓட்டறேன்."

போனை வைத்தபோது காது சுட்டது, கால்கள் மரத்திருந்தன. பரீட்சைக்காக மேசையில் பரப்பி வைத்திருந்த தாள்களை ஒதுக்கிவிட்டு நோட்டை எடுத்தாள். எழுத எழுத எழுத்து கோணியது.

நாளை: ஐந்தரைக்கு முதல் பேருந்து. ஏழு ஹெல்மெட், ஒவ்வொன்றின் உள்ளேயும் எண் எழுத வேண்டும். எட்டு மணிக்கு முதல் குழு. நாலு மணிக்கு இரண்டாவது குழு, ஐந்து பேர். நான் பின்னால் ஓட்டுகிறேன்.