பன்மையை ஏற்காத கதிரை

நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரர் தியாகராசாவின் வீட்டுக் கதிரைகள், அவர் தம் வாயால் "இருங்கோ" என்று சொல்லாத எந்த விருந்தினரையும் தாங்குவதில்லை. போர் முடிந்த இரண்டாம் மாரியில் இது தொடங்கியது. "இரு" என்றால் நான்கு காலும் மடிந்துவிடும். "ங்கோ" என்னும் விகுதி சேர்ந்தால் யானையையும் தாங்கும். பிறமொழிகளும் அவற்றுக்குத் தெரிந்திருந்தன. விவசாயத் திணைக்களத்துச் சிங்கள அதிகாரியிடம் அவர் "வாடிவென்ன" என்றபோது, ஈற்றிலிருந்த "ன்ன"வைக் கேட்டதும் கதிரை உறுதியாயிற்று. கனடாவிலிருந்து வந்த வெள்ளைக்காரிக்கு "பிளீஸ், சிட்" என்றபோது மட்டும் சற்றுத் தள்ளாடியது. ஆங்கிலம் மரியாதையை வினைக்கு வெளியே நிறுத்துகிறது. கதிரையோ அதை வினையின் ஈற்றில் தேடிப் பழகியது. ஊரார் வாழைக்குலையின் விலையைப் பேசுவதுபோல் இதையும் பேசிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்கள்.

அந்தத் தோட்டத்தை நாற்பது ஆண்டுகள் கொத்தியவர் பேதுரு. தியாகராசாவைவிட மூன்று வயது மூத்தவர். "வா", "போ", "கொத்து" என்பவையே அவர் காதில் விழுந்த வினைகள். முற்றத்தில் குந்தியிருந்தே தேநீர் குடித்தார். அவருடைய மகள் உதயகலா தமிழாசிரியை. ஒருவனை ஊர் எங்கே வைத்திருக்கிறது என்றறிய வினைமுற்றின் கடைசி எழுத்தைப் பார் என்பது அவளுடைய பாடம். தியாகராசாவின் மகன் கோபிசங்கரை மணக்க இசைந்தபோது அவள் ஒரே நிபந்தனை விதித்தாள்: "எங்கடை அப்பா உங்கடை விறாந்தையிலை கதிரையிலை இருக்கவேணும். இல்லாட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

பதிவுத் திருமண நாளில் தியாகராசாவும் இலக்கணத்தை நாடினார். "ங்கோ" மரியாதைக்கும் வரும், பன்மைக்கும் வரும். கூட்டத்தோடு பேதுருவையும் சேர்த்துவிட்டால் நாவு தப்பும் என்பது அவர் எண்ணம். சபையைப் பொதுவாகப் பார்த்து, "எல்லாரும் இருங்கோ" என்றார்.

பதினேழு கதிரைகள் தாங்கின. பேதுருவின் கதிரை பாய்போலத் தரையோடு படுத்தது.

"உதுக்கு இலக்கணம் தெரியுது, ஐயா," என்றார் பேதுரு, நிலத்தில் இருந்தபடியே. "என்ரை பிள்ளைதான் படிப்பிச்சிருப்பாள் போலை."

சிலர் சிரித்தனர். உதயகலா பேனையை மூடினாள்.

"மாமா, நீங்கள் சொன்னது பன்மை. எங்கடை அப்பா ஒராள்."

பதிவாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். கோபிசங்கர் தந்தையைப் பார்த்து, "இரண்டெழுத்துத்தானே அப்பா," என்றான். இரண்டே எழுத்து! நாற்பது ஆண்டுகளாக ஒரு மனிதனுக்கு மறுக்கப்பட்ட அந்த எழுத்துகளைத் தொண்டையிலிருந்து இழுத்தெடுக்கத் தியாகராசாவுக்குக் கிணற்றில் நீரிறைக்கும் பாடு ஆயிற்று. மகனின் முகத்தையும் மூடிய பேனையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பேதுரு அண்ணை," என்றார். "இருங்கோ."

கதிரை எழுந்து காலூன்றியது. பேதுரு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அமர்ந்தார். உதயகலா கையெழுத்திட்டாள். விருந்துண்டு எல்லோரும் கலைந்த பின்னும் பேதுரு எழும்பவில்லை. முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டு, "தேத்தண்ணி இன்னொண்டு தாருங்கோ, தம்பி," என்றார்.

தியாகராசா உள்ளே சென்று, தாமே கொண்டுவந்து கொடுத்தார்.