தோல் நொறுங்கும் சத்தம்

"தொடாதன்னு சொன்னேன்ல!"

பக்கத்து அறையிலிருந்து மனைவி ஒடெத்தின் குரல் வந்ததும் ரெமி முள்கரண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். உப்பில் ஊறி, தன் கொழுப்பிலேயே வெந்து, குளிர்காலம் முழுக்க ஜாடிக்குள் கொழுப்பில் புதைந்து கிடந்த இரண்டு வாத்துக்கால்கள் இப்போது வாணலியில் தோல் அடியில் படக் கிடந்து முனகின.

"அங்கிருந்து உனக்கு எப்படிடி தெரியுது?"

"நீ பேசாம இருந்தாலே ஏதோ தப்பு பண்றேன்னுதானே அர்த்தம்!"

காலையில் வந்த வைத்தியர் ஒடெத்தின் நாடியைப் பார்த்துவிட்டு, இன்றைக்குத் தாண்டாது என்று வாசலில் வைத்து ரெமியிடம் சொல்லியிருந்தார். மனைவியின் உடம்பு ஓய்ந்துவிட்டது. காது மட்டும் ஓயவில்லை. கொழுப்பின் சத்தத்தை வைத்தே சமையலை நடத்திக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மேசையில் ரெமியின் தங்கை சொலாஞ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணியைக் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போக வந்தவள் வாத்துக்கால் சாப்பிடாமல் போகக் கூடாது என்று ஒடெத் படுத்த படுக்கையிலேயே ஒற்றைக்காலில் நின்றாள்.

காரணம் ஊருக்கே தெரியும். ஒடெத் கல்யாணமாகி வந்த வருஷம், கிறிஸ்துமஸ் விருந்தில் அத்தனை பேர் முன்னால் அவள் வறுத்த வாத்துத்தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "அண்ணி, இது தோலா, நனைஞ்ச சாக்ஸா?" என்று கேட்டவள் சொலாஞ். பிரான்சில் வாத்துச் சமையலுக்குப் பேர்போன கஸ்கோனியில் ஒரு பெண்ணை இதைவிடக் கேவலமாகப் பேசிவிட முடியாது. அதன்பிறகு இந்த வீட்டில் சூப் குடிப்பாள், ரொட்டி தின்பாள். வாத்து வந்தால் மட்டும் அவளுக்கு வயிறு சரியிருக்காது. சாப்பிட்டால்தானே ஒடெத் ஜெயிக்க முடியும்!

"நீங்க கண்ண மூடிப் படுங்க அண்ணி. எனக்கு ரொட்டி போதும்."

"நான் சாகப்போறேன் சொலாஞ். இன்னிக்குமா உனக்கு வயித்துவலி?"

சொலாஞ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வாணலியின் முனகல் மெல்லச் சடசடப்பாக மாறியது. "இப்போ திருப்பு" என்றது குரல். ரெமி திருப்பினார். தோல் பழுப்பேறி மினுங்கியது.

"தட்டுல வச்சியா? கதவ நல்லாத் திற."

சொலாஞ் வேண்டாவெறுப்பாகக் கத்தியை வைத்து அழுத்தினாள். படக்கென்று தோல் உடைந்தது. ரெமிக்குக் கூத்தாடலாம் போலிருந்தது. உள்ளே இருமலும் சிரிப்புமாக ஒரு சத்தம் கேட்டது.

"கேட்டுச்சா, ரெமி?"

"கேட்டுச்சுடி! தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்!"

"அவ என்ன சொல்றா?"

"வாய் நிறைய வச்சிருக்கா. எங்க பேசறது?"

"அப்பச் சரி."

அதற்குப் பிறகு அந்த அறையிலிருந்து எதுவும் வரவில்லை. ரெமி போய்ப் பார்த்தார். சிரித்தது சிரித்தபடியே இருந்தாள். கன்னத்தைத் தொட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஜெயித்துவிட்டுப் போயிருக்கிறாள் என்ற பெருமையும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. திரும்பி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் வாணலியை மூடப் போனார்.

"மூடாத அண்ணே. தோல் நமத்துடும்."

"சொலாஞ், அவ..."

"உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. உட்காரு. ஆறவிட்டா அவ நம்மள மன்னிக்க மாட்டா. பாதிரியார் அப்புறம் வரட்டும்."

அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து கையால் பிய்த்துத் தின்றார்கள். கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது. எலும்பில் ஒட்டியிருந்ததைக்கூடச் சொலாஞ் விடவில்லை.

பிறகு அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போன உயிர் வெளியேறுவதற்காக ஒடெத்தின் அறை ஜன்னலைத் திறந்துவிட்டாள். முதலில் வெளியேறியது வறுவல் வாசனைதான். சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள்.

"யார் வீட்டு வாத்து? வாசனையே ஆளைத் தூக்குதே!"

சொலாஞ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"எங்க அண்ணி சமையல்! இந்த ஊர்ல எவளுக்கும் இப்படி வராது, எனக்கும் சேர்த்து!"

சொலாஞ் வாயிலிருந்தே அண்ணிக்குப் புகழ்ச்சி! பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.