பச்சை முகம்

எங்கள் ஆடைத் தொழிற்சாலை வாசலில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். அதில் மூன்று பொத்தான்கள்: சிரிக்கிற பச்சை முகம், உம்மென்ற மஞ்சள் முகம், அழுகிற சிவப்பு முகம். வேலை முடிந்து போகும்போது ஆளுக்கொன்றை அழுத்த வேண்டுமாம்.

"உங்க சந்தோஷம்தான் நம்ம கம்பெனியோட லட்சியம்" என்றார் அதற்கென்றே புதிதாக வந்திருந்த அதிகாரி. கேட்டதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. நம் சந்தோஷத்தில் இவர்களுக்கு என்ன அக்கறை?

என் அண்ணி இஸ்திரிப் பிரிவில் நிற்பவள். போன மாதம் நீராவி தாங்காமல் மயங்கி விழுந்தாள். பேக்கிங்குக்கு மாற்றல் கேட்டு மனுக் கொடுத்திருந்தாள்; அவளைப் போல அங்கே இன்னும் பலரும் கொடுத்திருந்தார்கள்.

"சிவப்பையே அழுத்துங்க அண்ணி. கஷ்டம்னு தெரியட்டும்."

"சும்மா இரு. யார் எதை அழுத்துறாங்கன்னு மேலேருந்து கேமரா பாக்குது. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா மாத்தல் குடுப்பாங்களா?"

இஸ்திரிப் பிரிவு முழுக்க அப்படித்தான் நினைத்தது. ஒருவர் விடாமல் பச்சை. தையல் பிரிவில் இருக்கும் நான் எதற்கு வம்பென்று மஞ்சளை அழுத்திவிட்டு நழுவுவேன்.

மாதக் கடைசியில் அதிகாரி பல்லெல்லாம் தெரிய வந்தார். கம்பெனியிலேயே மிகச் சந்தோஷமான பிரிவு இஸ்திரிதானாம். இவ்வளவு நன்றாக இருக்கிற இடத்தைக் கலைக்கக் கூடாது என்று அவர் எழுதிக் கொடுக்க, மாற்றல் மனுக்களை எல்லாம் தள்ளிவிட்டார்கள்.

அன்று மாலை அண்ணி சிவப்பைக் குத்தினாள். மறுநாளே கூப்பிட்டு அனுப்பினார்கள். வேலைக்கே உலை வைத்துவிட்டாளோ என்று பதறி நானும் பின்னாலேயே போனேன்.

"திடீர்னு அழுமுகம். வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா? வீட்டுக்காரர் எப்படி?" அதிகாரியின் குரலில் தேன் ஒழுகியது.

என் அண்ணனை இழுத்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் அண்ணி பேசிவிட்டாள்.

"வீட்ல நல்லாத்தான் இருக்கோம் சார். என் சந்தோஷத்த நான் பாத்துக்கிறேன். நீங்க ஒரு ஃபேன் போட்டுக் குடுங்க."

அவர் நிஜமாகவே யோசித்தார். "அது மேனேஜர் பாக்கிற வேலைம்மா. நான் சந்தோஷத்துக்கு மட்டும்தான்."

அன்று சாயங்காலம் இஸ்திரிப் பிரிவில் ஒருவரும் பெட்டிப் பக்கம் போகவில்லை. மேனேஜர் அறை வாசலில் மொத்தமாக நின்றார்கள், முன்னால் அண்ணி. இதில் என்ன வில்லங்கம் வருமோ என்று மனம் அடித்துக்கொண்டது. இருந்தும் நான் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.