எட்டாவது பத்தி

எங்கள் வீட்டு உள்ளறைக் கூரை மிகவும் தாராளமானது. வாரம் ஒரு முறையாவது கை நிறையக் காரை தரும். போன வெள்ளிக்கிழமை தேங்காய் அளவுக்கு ஒன்றைத் தந்தது. உம்மா அப்போதுதான் அதே இடத்தில் தொழுதுவிட்டு எழுந்திருந்தாள். அடுத்த வாரம் தலைப்பிரசவத்துக்கு வரும் உம்மாவின் மூத்த மகள் ஷம்ஸியா ராத்தாவைப் படுக்கவைக்க எங்களுக்கு அந்த அறையை விட்டால் வேறு இடமில்லை.

வீட்டுக்காரர் ரசீத் மாமா முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். மேலப்பாளையத்தில் சட்டத்துக்கு அவரைவிட நெருங்கிய சொந்தம் கிடையாது. உம்மா கூரையைப் பற்றி மூன்று தடவை சொன்னாள். வாயால் சொன்னது செல்லாது என்றார். நான் எழுதிக் கொடுத்தேன். 'பொருள்' போடவில்லை என்று திருப்பித் தந்தார். போட்டுக் கொடுத்தேன். இணைப்பு எங்கே என்றார். விழுந்த காரையைப் பையில் கட்டி இணைத்தேன். அது இந்த வீட்டுக் காரைதான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்.

திங்கட்கிழமை அவரே முத்திரைத்தாளுடன் வந்தார். புதுச் சட்டப்படி வாடகை வீட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டுமாம்.

"ஏட்டி ஸமீஹா, ஒன்பது வரை படிச்சவல்லா, உங்கம்மைக்கு வாசிச்சுக் காட்டு."

வாசித்தேன். எட்டாவது பத்தியில், வீட்டின் கூரை, சுவர் யாவும் நல்ல நிலையில் இருப்பதைக் குடியிருப்பவர் நேரில் பார்த்துத் திருப்தியடைந்து ஒப்புக்கொள்கிறார் என்று இருந்தது.

"கூரை ரிப்பேரு வீட்டுக்காரர் பொறுப்புன்னு சட்டத்துல இருக்காமே அண்ணாச்சி?" என்றாள் உம்மா.

"இருக்கு கமரு. ரிப்பேரு இருந்தாத்தானே பொறுப்பு? எட்டாவது பத்தியைப் பாரு. ரிப்பேரே இல்ல."

ஒரு கையெழுத்தில் கூரை குணமாகும் என்று எங்களுக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

உம்மா டீ போடப் போனாள். வந்தவர் டீ குடிக்காமல் போனால் எங்கள் வீட்டுக்குக் குறை. பத்தமடைப் பாய் விரிக்காவிட்டால் அதைவிடக் குறை. முன்னறை முழுக்கப் பீடி இலை பரப்பிக் கிடந்தது. எனக்கு ஆள் முன்னால் பேச வராது. பாயை எடுத்துப் போய் உள்ளறையில் கூரை விரிசலுக்கு நேர் கீழே விரித்தேன்.

டீயோடு வந்த உம்மா பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அங்கன உக்காருங்க அண்ணாச்சி."

மாமா நிலைப்படியில் நின்று அண்ணாந்து பார்த்தார். "முட்டுவலி. கீழ உக்கார முடியாது."

உம்மா நாற்காலியைத் தூக்கிப் பாய் மேல் போட்டாள்.

"சுகருக்கு டீ ஆகாதே."

"சீனி போடல."

"உள்ள வெக்கையா இருக்கும்."

நான் ஃபேனைப் போட்டேன். கொக்கியைச் சுற்றியிருந்த காரை கொஞ்சம் நாற்காலியில் உதிர்ந்தது. உம்மா அதை முந்தானையால் துடைத்தாள்.

"பாத்துத் திருப்தி ஆனாத்தானே கையெழுத்து? நீங்க இதுல உக்காந்து ஒரு டீ குடிங்க. நான் பாத்துத் திருப்தி ஆயிருதேன்."

டீயில் ஆடை படியும்வரை மாமா நிலைப்படியிலேயே நின்றார். பிறகு பேனாவை எடுத்து எட்டாவது பத்தியை அடித்தார். 'உள்ளறைக் கூரைப் பழுதை உரிமையாளர் மூன்று நாளில் சரிசெய்வார்' என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் முறைப்படி சுருக்கொப்பமும் வைத்தார். உம்மா கையெழுத்திட்டாள். டீயை அவர் தெருவில் நின்று குடித்தார்.

புதன்கிழமை கொத்தனார் வந்தார். ராத்தா வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. கொத்தனார் கம்பால் ஒரு தட்டுத் தட்டியதும் பாதிக் கூரை இறங்கியது.

"பாத்துத் தட்டும் வே!" தெருவிலிருந்து மாமா கத்தினார். "நல்ல கூரை!"