சாவு பீர்

ராக்னா குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். அன்று அவள் செய்த தப்பு அதுதான்.

மரத்தொட்டி நிறைய மால்ட் கூழ் இருந்தது. காலை ஐந்தரைக்கே எழுந்து கொட்டகையில் விறகடுப்பை மூட்டி, செப்பு அண்டாவில் ஜூனிபர் புதரின் வாசனைத் தழையைப் போட்டு வெந்நீர் காய்ச்சியிருந்தாள். முளைகட்டி உலர்த்தி அரைத்த பார்லியை அந்த வெந்நீரில் கொட்டித் துடுப்பால் கிளறி, ஒன்றரை மணி நேரம் மூடி வைத்தாள். இனி அடியில் பரப்பிய ஜூனிபர் கிளைகளின் வழியே சாறு வடிந்து குழாயில் வர வேண்டும். நூல் மாதிரி மெல்லிசாகத்தான் விட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. முப்பத்தொரு வருடமாக இந்தத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தவள் அவள்தான். ஆனால் வீட்டுக்குள் அவள் புருஷன் ஹால்வர் சாகக் கிடந்தான். முதல் சாற்றில் ஒரு வாய் அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு அவசரம்.

அவனுக்குக் கணையத்தில் புற்றுநோய். செப்டம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தினமும் வந்து வலிக்கு மருந்து ஏற்றிவிட்டுப் போகிற நர்ஸ், போன வாரம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, இனி வாரக்கணக்கு இல்லை, நாள் கணக்குதான் என்று சொல்லிவிட்டாள். ஹால்வரிடம் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அவன் அதற்கு முன்பே தன் சாவு பீரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்திருந்தான்.

வோஸ் என்கிற அந்த ஊர்ப் பக்கத்தில் ஒருவரைப் புதைத்துவிட்டு வந்தால், அந்த வீட்டில் காய்ச்சிய பீரைத்தான் எல்லோரும் குடிப்பார்கள். கடை பீரை வைத்து அனுப்பினால், செத்தவனுக்கு நாலு பேர் இல்லை என்று ஆகிவிடும். வழக்கமாக உயிர் போன பிறகுதான் அடுப்பை மூட்டுவார்கள். ஹால்வருக்கு அதில் ஒரு குறை. இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்துப் பண்ணைக்காரரின் அடக்கத்தில் ஆறு நாள்கூட ஆகாத பச்சை பீரை ஊற்றியதில் வந்தவர்களுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கிவிட்டது. தனக்கு அந்தப் பேர் வேண்டாம் என்றான். தம்பி ஸீவர்ட்டைக் கூப்பிட்டு, இப்போதே காய்ச்சி வைத்துவிடு என்றான்.

ஸீவர்ட் தொப்பியைக் கழற்றாமலே கட்டில் ஓரத்தில் நின்றான்.

“உயிரோட இருக்கற ஆளுக்கு நான் சாவு பீர் காய்ச்ச மாட்டேன். நீ செத்தப்புறம் சொல்லு, காய்ச்சறேன்.”

“செத்தப்புறம் எப்படிடா சொல்றது?”

ஸீவர்ட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். இருநூறு அடி தள்ளி அவன் வீடு. நாலு நாளாக அங்கே புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது, ஆள் மட்டும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அன்று ராக்னாதான், நான் காய்ச்சுகிறேன் என்று சொன்னாள். ஹால்வர் தலையணையில் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

“நீயா? டின்னைத் திறக்கறதுக்குச் சாவி இருக்கா?”

அது பழைய கதை. நாலு வருடத்துக்கு முன்னால், ஹால்வரும் ஸீவர்ட்டும் மான் வேட்டைக்குப் போயிருந்த வாரத்தில், ராக்னா டின்னில் வருகிற மால்ட் பாகை வாங்கிக் கரைத்துத் தானாக ஒரு பீர் செய்தாள். கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் முன்னால் அதை எடுத்து வைத்தாள். ஹால்வர் ஒரு வாய் குடித்துவிட்டு, சளி பிடித்த கன்றுக்குட்டிக்குக் கொடுக்கலாம் என்றான். பதினாறு பேர் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள், அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. அதற்குப் பிறகு பீர் காய்ச்சும் நாளில் தொட்டி கழுவுவதோடு நிறுத்திக்கொண்டாள்.

இப்போது மறுபடி கொட்டகைக்குள் வந்திருந்தாள் என்றால் அது வெறும் கடமைக்காக இல்லை. அவன் வாயால் ஒரு நல்ல சொல் வாங்கிவிட வேண்டும், அதுவும் அவனுக்கு வாய் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். சாகக் கிடப்பவனிடம் இப்படி ஒரு கணக்கா என்று யாராவது கேட்டிருந்தால், ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

குழாயில் சாறு தடதடவென்று கொட்டியது. ஒரு கிண்ணத்தில் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து ஓடினாள்.

ஹால்வர் விழித்திருந்தான். காலையிலேயே ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருந்தான், அறைக்குள் ஜூனிபர் புகையும் வெந்த தானியத்தின் வாசனையும் நிறைந்திருந்தது. இரண்டு நாளாக அவனுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஈரப் பஞ்சால் உதட்டை நனைப்பதோடு சரி. அவள் அவன் தலையைக் கையில் தாங்கி, சின்னக் கரண்டியால் சாற்றை ஊற்றினாள். அதை அவன் விழுங்க வெகுநேரம் ஆனது. தொண்டை ஏறி இறங்குவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டான். பிறகு கண்ணைச் சாய்த்துக் கிண்ணத்தைப் பார்த்தான்.

“கலங்கலா இருக்கு.”

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

“குழாயை ரொம்பத் தொறந்துட்ட. மாவு இறங்குது. அடைச்சுக்கும், போய் மூடு.”

“மூடறேன்.”

அவள் எழுந்திருக்கும்போது அவன் விரல் அவள் மணிக்கட்டில் பட்டது.

“இன்னொரு கரண்டி.”

ராக்னா கிண்ணத்தைப் பார்த்தாள். அடியில் வெள்ளையாக மாவு தங்கியிருந்தது. இதையே கொடுத்திருக்கலாம். ஆனால் கலங்கல் என்று சொல்லிவிட்டானே, தெளிந்ததாகக் கொண்டுவருவோம் என்று அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அஞ்சே நிமிஷம், சுத்தமாகக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

அதற்குள் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. சொட்டு சொட்டாக வந்து, அதுவும் நின்றுபோனது. மாவு அடியில் இறங்கிக் கிளைகளுக்கு மேல் களியாகப் படிந்துவிட்டது. அடைத்த தொட்டிக்கு ஒரே வழிதான் உண்டு. குழாயை மூடிவிட்டு, வெந்நீர் ஊற்றி, முழுக் கூழையும் அடிவரை கிளறிவிட்டு, அது மறுபடி படியும்வரை கை வைக்காமல் காத்திருக்க வேண்டும். ராக்னா கிளறினாள். துடுப்பு அவள் உயரம் இருந்தது, தோள்பட்டை விண்ணென்று வலித்தது. படிவதற்குக் கால் மணி நேரம் நின்றாள். பிறகு குழாயை மயிரிழை அளவு திறந்தாள். முதலில் கலங்கலாக வந்ததைப் பிடித்துத் திரும்பவும் தொட்டியிலேயே ஊற்றினாள். இரண்டாவது முறையும் ஊற்றினாள். மூன்றாவது கிண்ணம் தேன் நிறத்தில் அடி தெரிய வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், தூசி தும்பு இல்லை.

அறைக்குள் போனபோது ஹால்வர் இறந்திருந்தான்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். மூக்கின் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து, பத்து ஐம்பது என்று மனதில் குறித்துக்கொண்டாள். நர்ஸ் கேட்பாள். கொஞ்ச நேரம் கிண்ணமும் கையுமாக நின்றாள். பிறகு முற்றத்தைக் கடந்து போய் அதைத் தொட்டியிலேயே கொட்டிவிட்டு, குழாய் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து போனை எடுத்தாள்.

நர்ஸுக்குச் சொன்னாள். பெர்கனில் இருக்கிற மகள் டூரிக்குச் சொன்னாள், அவள் சாயங்கால ரயிலில் வந்துவிடுவதாக அழுதுகொண்டே சொன்னாள். ஸீவர்ட்டுக்குப் போன் செய்யவில்லை. வாசலில் நின்று அவன் வீட்டைப் பார்த்துக் கையை அசைத்தாள். நாலு நாளும் அவன் ஜன்னலை விட்டு நகரவில்லை போலிருக்கிறது, கோட்டுகூடப் போடாமல் வந்துவிட்டான்.

அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. குழாயடியில் கழுவிக்கொண்டு வந்ததாகச் சொன்னான். ராக்னா கொட்டகையில் ஸ்டூலில் உட்கார்ந்து சாறு வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பக்கத்துல இருந்தியா?” என்று கேட்டான்.

“இல்ல. குழாய் அடைச்சிருந்துச்சு.”

பீர் காய்ச்சுகிறவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஸீவர்ட் குனிந்து குழாயைப் பார்த்தான். விரலில் தொட்டு நக்கிப் பார்த்தான்.

“இப்ப நல்லா ஓடுது,” என்றான்.

நர்ஸும் டாக்டரும் வந்து பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நர்ஸும் ராக்னாவும் சேர்ந்து ஹால்வரைத் துடைத்து, சுத்தமான சட்டை போட்டு, தாடையை ஒரு துணியால் கட்டினார்கள். அதற்கு நடுவிலும் ராக்னா இரண்டு முறை எழுந்து போய்த் தொட்டிக்கு வெந்நீர் ஊற்றிவிட்டு வந்தாள். நர்ஸ் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் அந்தப் பக்கத்துக்காரிதான்.

அவர்கள் போன பிறகு ஸீவர்ட் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். செத்த வீட்டில் இந்தச் சுமையெல்லாம் அவள் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம், இதைக் கொட்டிவிடலாம், நாளைக்கே தான் புதுசாக ஒன்று போடுகிறேன் என்றான். இப்போது அவனுக்குத் தடை ஒன்றும் இல்லை, அண்ணன் செத்தாகிவிட்டது.

“இதை அவன் ருசி பாத்துட்டான், ஸீவர்ட்.”

“என்ன சொன்னான்?”

“கலங்கலா இருக்குன்னான்.”

“வேற என்னத்தச் சொல்லுவான்,” என்றான் ஸீவர்ட். மூக்கைச் சிந்திவிட்டு விறகு எடுக்கப் போனான்.

இன்னொரு கரண்டி கேட்டதை அவள் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அடக்கத்தன்றும் சொல்லவில்லை. அதை அவன் அவளுக்குத்தான் சொன்னான்.

சாறு முழுக்க வடிந்ததும் இருவரும் அதை அண்டாவில் ஊற்றி, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் பையில் கட்டிப் போட்டு, மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டார்கள். தூக்குகிற வேலையெல்லாம் ஸீவர்ட் செய்தான். எப்போது தூக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். இது எப்படி அமைந்தது என்று இருவருமே யோசிக்கவில்லை. கொதித்து முடிந்ததைப் பால் கேன்களில் நிரப்பி ஓடைத் தண்ணீரில் இறக்கி ஆற வைத்தார்கள். கைச்சூட்டுக்கு வந்ததும் பீப்பாயில் ஊற்றினார்கள். மணி ஏழாகிவிட்டது. அக்டோபர் மாதம், ஏரிக்கு அந்தப் பக்கம் மலை மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

காலையில் ஊற வைத்த ஈஸ்ட், ஜாடியின் விளிம்புவரை நுரைத்து நின்றது. ராக்னா அதை எடுத்துக்கொண்டு பீப்பாயின் பக்கத்தில் வந்தாள். ஈஸ்ட்டைப் போடும்போது, காய்ச்சுகிறவர் பீப்பாய்க்குள் குனிந்து தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தலுக்குத் தகுந்த மாதிரிதான் பீர் பொங்கும், குடிக்கிறவர்களும் கலகலப்பாக இருப்பார்கள். கத்தாமல் போட்டால் ஈஸ்ட் தூங்கிவிடும். ஹால்வர் கத்தினால் ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து போன் வரும், பீர் எப்போது தயாராகும் என்று.

“இன்னிக்கு வேணாம்,” என்றான் ஸீவர்ட். “உள்ள அவன் கிடக்கறான். சும்மா போட்டுடு.”

“தூங்கிட்டா?”

அவன் பீப்பாயின் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

ராக்னா ஜாடியைக் கவிழ்த்தாள். பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். முதலில் ஒரு செருமல்தான் வந்தது. ஸீவர்ட் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் மூச்சை இழுத்துப் பிடித்து மறுபடி குனிந்தாள்.

“ஹால்வர்! சாப்பிட வா!”

கத்துவது என்றால் அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். மேல் மேய்ச்சல் நிலத்தில் வேலி போட்டுக்கொண்டிருப்பவனை முப்பத்தொரு வருடமாக மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். சத்தம் பீப்பாய்க்குள் சுற்றி, கொட்டகையை விட்டு வெளியே போனது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. கூப்பிட்டால் பதில் வர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் இருவரும் அசையாமல் நின்றார்கள்.

“மூடு,” என்றாள் ராக்னா.

ஸீவர்ட் மூடியைப் போட்டான். ராத்திரியில் சூடு இறங்காமல் சுற்றி வைக்கக் கம்பளி எங்கே என்று சுற்றுமுற்றும் தேடினான். பரணில் இரண்டு கோணிப்பை மட்டும் இருந்தது. அண்ணன் எதைச் சுற்றுவான் என்று கேட்டான்.

ராக்னா வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் பெரிய ஆட்டுரோமக் கம்பளி இருந்தது. அதை எங்கிருந்து எடுத்தாள் என்று ஸீவர்ட்டுக்குத் தெரிந்துவிட்டது. முற்றத்துக்கு அப்பால் திறந்திருந்த ஜன்னல் வழியே அறையைப் பார்த்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹால்வரின் மேல் வெள்ளைத் துப்பட்டியைக் கழுத்துவரை இழுத்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் ஒழுங்காகச் செருகியிருந்தாள்.

“ஒரு முனையைப் பிடி,” என்றாள். இருவரும் பீப்பாயை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். ஸீவர்ட் கயிறு கட்டினான்.

“இன்னும் இறுக்கிக் கட்டு. குளுந்துடும்.”

அவன் முழங்காலைப் பீப்பாயில் முட்டுக்கொடுத்துக் கயிற்றை இறுக்கினான்.